மில்டன் புயலுக்குப் பிறகு அபார்ட்மென்ட் படியில் அப்பா விழுந்துவிட்டார். இது யார் பொறுப்பு?

டாம்பா சுபா:

வணக்கம். நாங்கள் டாம்பாவுக்குப் பக்கத்தில் பிராண்டனில் ஒரு அபார்ட்மென்ட்டில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் ஆகஸ்டில் கும்பகோணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்தார்கள். அப்பாவுக்கு 71 வயது. தினமும் காலையும் மாலையும் நடக்கிறவர், கைத்தடி கூடக் கிடையாது.

2024 அக்டோபர் 9 ராத்திரி மில்டன் வந்தபோது எங்கள் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு இல்லை, அதனால் வீட்டிலேயே இருந்தோம். புயலில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் மட்டும் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம், இன்னும் கரண்ட் வராத நேரத்தில், உள்ளே புழுக்கம் தாங்காமல் அப்பா கீழே இறங்கினார். படி வெளிப்பக்கம் இருக்கிறது, விளக்கு இல்லை, இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். அது அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டது. கீழ்த்தளம் வரை உருண்டு விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, இப்போது மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார்.

அந்தக் கைப்பிடி ஆடுகிறது என்று என் கணவர் செப்டம்பரிலேயே அபார்ட்மென்ட் ஆப்பில் போட்டோவோடு புகார் போட்டிருந்தார். "டெக்னீஷியன் வருவார்" என்று பதில் வந்தது. யாரும் வரவில்லை.

மேனேஜரிடம் போய்ப் பேசினேன். "புயல் கடவுள் செயல், அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? இயற்கைப் பேரிடருக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று லீஸிலேயே இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். அதற்கு அடுத்த வாரமே புதுக் கைப்பிடி போட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தொகை வரையறுத்த வகை. ஆஸ்பத்திரி பில்லை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. அப்பாவோ "விடும்மா, நான் பார்த்து இறங்கியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. புயல் என்று சொல்லிவிட்டால் இங்கே யாருக்கும் பொறுப்பே இல்லையா?

ஆர்லாண்டோ கார்த்தி:

அப்பா சீக்கிரம் குணமாக வேண்டும் சிஸ்டர். ஆனால் கேஸ் அது இது என்று இறங்காதீர்கள். இதே மில்டனில் பக்கத்து வீட்டு ஓக் மரம் எங்கள் வேலி மேலும் கூரை மேலும் விழுந்தது. பச்சை மரம், புயலில் விழுந்தால் அவர் பொறுப்பில்லை, உங்கள் இன்சூரன்ஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் இங்கே சட்டம். உங்களுக்கும் அதையேதான் சொல்வார்கள். வீணாகப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு வாடகையை ஏற்றிவிடுவார்கள்.

பழைய அட்ஜஸ்டர், ஜாக்சன்வில்:

சுபா, நான் வக்கீல் இல்லை. ஃப்ளோரிடாவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவன். மேனேஜர்கள் எதைச் சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கார்த்தி தம்பி சொன்ன மரம். அவர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். நல்ல மரம் புயலில் விழுந்தால் மரத்துக்காரர் பொறுப்பில்லை. அதே மரம் பட்டுப்போன மரமாக இருந்து, "இது விழும், வெட்டுங்கள்" என்று முன்பே எழுதிச் சொல்லியும் அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் கதை மாறிவிடும். இரண்டிலும் அடித்தது ஒரே காற்றுதான். ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்ததா, தெரிந்தும் சும்மா இருந்தாரா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

"கடவுள் செயல்" என்பது உண்மையிலேயே ஒரு சட்ட வாதம்தான். ஆனால் அது நிற்க வேண்டுமென்றால் காயத்துக்கு இயற்கை மட்டுமே காரணமாக இருக்க வேண்டும். மனிதர் கவனக்குறைவும் கூடச் சேர்ந்திருந்தால் அந்த வாதம் விழுந்துவிடும். உங்கள் அப்பா விழுந்தது சனிக்கிழமை. மில்டன் வியாழக்கிழமையே அட்லாண்டிக் பக்கம் போய்விட்டது. கைப்பிடி ஆடியது செப்டம்பரில். அப்புறம் இதில் புயல் எங்கே வந்தது?

புயல் ஓய்ந்த பிறகு நடந்த சாவுகளுக்கு ஃப்ளோரிடாவில் மறக்க முடியாத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பரில் இர்மா புயல். பிரோவர்ட் கவுண்டியில் ஹாலிவுட் ஹில்ஸ் என்ற முதியோர் மையம். கட்டடம் இடியவில்லை, வெள்ளம் வரவில்லை. ஏசிக்குப் போகும் கரண்ட் மட்டும் நின்றது. நாள் கணக்கில் உள்ளே வெக்கை ஏறிக்கொண்டே போனது. பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், கரண்ட் இருந்த பெரிய ஆஸ்பத்திரி. இருந்தும் 12 முதியவர்கள் செத்துப்போனார்கள். அந்த மையத்தின் லைசென்ஸைப் பறித்தார்கள். நிர்வாகி மேல் போட்ட கிரிமினல் வழக்கு 2023இல் விடுதலையில் முடிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கிரிமினல் குற்றத்துக்கு வேண்டிய நிரூபணம் வேறு, நஷ்டஈட்டுக்கு வேண்டியது வேறு. ஆனால் 2018இல் சட்டம் மாறியது. இப்போது ஒவ்வொரு முதியோர் மையத்திலும் ஜெனரேட்டர் இருக்க வேண்டும், 96 மணி நேரத்துக்கு உள்ளே 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். அதாவது கரண்ட் போகும் என்பது இந்த மாநிலத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். எதிர்பாராதது என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, உங்கள் விஷயம். வாடகைக் குடியிருப்பில் படி, நடைபாதை, பார்க்கிங் எல்லாம் பொது இடம். அவற்றைப் பாதுகாப்பாக வைப்பது நிர்வாகத்தின் கடமை, ஃப்ளோரிடா சட்டம் 83.51இல் இருக்கிறது. அந்தக் கடமை குடியிருப்பவருக்கு மட்டும் அல்ல, அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் பொருந்தும். லீஸில் "நாங்கள் பொறுப்பல்ல" என்று இருக்கிறது என்றார் அல்லவா? 83.47ஐப் படித்துப் பாருங்கள். சட்டப்படி வீட்டுக்காரருக்கு உள்ள பொறுப்பை லீஸில் ஒரு வரி போட்டுக் கழற்றிவிட முடியாது, அந்த வரி செல்லாது. தவிர, கையெழுத்துப் போட்டது நீங்கள். அப்பா இல்லை.

வழக்கில் எது பலம், எது பலவீனம் என்பதையும் சொல்ல வேண்டும். இருட்டை முன்னால் வைக்காதீர்கள். மாடிப்படிக்கு எமர்ஜென்சி விளக்கு வேண்டும் என்று விதி இருக்கும் கட்டடங்களில்கூட அது ஒன்றரை மணி நேரம் எரிந்தால் போதும். நாள் கணக்கில் ஊரே இருண்டு கிடக்கும்போது படியில் விளக்கில்லை என்பது தனியாக நிற்காது. கைப்பிடிதான் உங்கள் பலம். இருட்டில் மனிதன் நம்புவது கைப்பிடியைத்தானே. அது ஆடுகிறது என்று அவர்களுக்கு எழுத்தில் தெரியும், போட்டோவோடு தெரியும். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு புகார் கோப்பில் இருந்தால், கம்பெனி பக்கம் இருப்பவர்களின் பேச்சே மாறிவிடும்.

அதனால் இன்றைக்கே, நாளைக்கு என்று தள்ளாமல், அந்த ஆப்பைத் திறந்து புகார், போட்டோ, பதில், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே சேமியுங்கள். ஆப் அவர்களுடையது, எப்போது வேண்டுமானாலும் உங்கள் கணக்கை மூடலாம். பழைய கைப்பிடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் இருக்கட்டும். புதுக் கைப்பிடி போட்டதே தப்பை ஒத்துக்கொண்ட மாதிரிதானே என்று நினைப்பீர்கள். கோர்ட்டில் அதைத் தப்புக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. பழுது பார்ப்பவர் பயந்துபோய்ப் பழுது பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. ஆகவே பழைய கைப்பிடியின் படம்தான் தங்கம். அன்றைக்குத் தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது போனில் படம் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. அப்பா சொல்கிற "நான் பார்த்து இறங்கியிருக்கணும்" என்ற வார்த்தை. நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள், அடுத்தவரைக் குறை சொல்ல வாய் வராது. வீட்டுக்குள் பேசட்டும். வெளியே பேச வேண்டாம். 2023 மார்ச்சில் இங்கே சட்டம் மாறிவிட்டது. காயப்பட்டவர் மேலேயே பாதிக்கு மேல் தப்பு என்று ஜூரி முடிவு செய்தால் ஒரு சென்ட் கிடைக்காது. பாதிக்குக் கீழே என்றால் அந்த அளவைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். அவர்களுடைய வக்கீல் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். அதே சட்டத்தில்தான் வழக்குப் போடும் கெடுவும் நான்கு வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது.

வாடகையைப் பற்றிக் கார்த்தி பயப்படுகிறார். பழிவாங்க வாடகையை ஏற்றுவதையும், காலி செய்யச் சொல்லி மிரட்டுவதையும் 83.64 தடுக்கிறது. நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. நடந்தால் அதற்கும் கேள்வி உண்டு.

ஃபோர்ட் மயர்ஸ் நர்ஸ்:

சுபா, பில் விஷயத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரி லாப நோக்கமற்றதா என்று முதலில் பாருங்கள். அப்படி என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது அவர்களுக்குக் கட்டாயம். பில்லிங் ஆபீஸில் அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள், நீங்கள் கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். எந்தப் பில்லையும் கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள். ஐட்டம் வாரியான பில் கேளுங்கள்.

மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். பேரிடரால் வந்த மருத்துவச் செலவுக்கு ஃபீமா உதவி உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தப் பண உதவிக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டு மாதிரியான தகுதியோ வேண்டும். விசிட்டர் விசாவுக்கும் எச்1பிக்கும் கிடையாது. வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால், வீட்டுச் சேதத்துக்குக் குழந்தையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். அது வேறு கதை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் இயன் புயல் வந்து போன பிறகு எங்கள் எமர்ஜென்சி வார்டில் நான் பார்த்தது முக்கால்வாசி புயலுக்குப் பிந்திய காயம். ஏணியிலிருந்து விழுந்தவர்கள், செயின்சாவில் கை போனவர்கள், ஜெனரேட்டர் புகை. ஜெனரேட்டரைக் கராஜிலோ பால்கனியிலோ ஓட்டாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்பது ஒரு சமாதானமே இல்லை. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். உங்கள் ஜெனரேட்டர் புகை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடும்பத்தைப் பாதித்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அட்ஜஸ்டர் சார் இதைச் சரி என்பார் என்று நினைக்கிறேன்.

பழைய அட்ஜஸ்டர், ஜாக்சன்வில்:

முழுக்கச் சரி அம்மா. வார்னிங் ஜெனரேட்டர் மேலேயே ஒட்டியிருக்கிறது, தெரியாது என்று சொல்லவே முடியாது.

ஆர்லாண்டோ கார்த்தி:

சார், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் போல. பாதி மரம் இன்னும் கூரை மேல்தான் இருக்கிறது. ஒருவர் லாரியோடு வந்து 800 டாலர் கேஷ், இன்றைக்கே வெட்டித் தருகிறேன் என்கிறார். கூட இரண்டு பேர். அவர்களில் யாராவது கூரையிலிருந்து விழுந்தால் என் தலையில் வருமா?

பழைய அட்ஜஸ்டர், ஜாக்சன்வில்:

வரலாம் தம்பி. தொழிலாளர் நஷ்டஈட்டு இன்சூரன்ஸ் வைத்திருக்கும் கம்பெனி என்றால், அடிபட்டவர் யார் தப்பு என்று பார்க்காமல் அதிலிருந்து வாங்கிக்கொள்வார். அது இல்லாத ஆள் என்றால் அவருடைய வக்கீல் அடுத்து பார்ப்பது வீட்டுக்காரரைத்தான். கட்டுமான வேலைக்கு ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இந்த இன்சூரன்ஸ் ஃப்ளோரிடாவில் கட்டாயம், மற்ற தொழில்களுக்கு நான்கு பேர் முதல். மரம் வெட்டுகிறவர் இந்த இடைவெளியில்தான் நழுவுகிறார். எனவே இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் கேளுங்கள். அவர் கையில் காட்டுகிற காகிதம் போதாது, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடமிருந்து நேராக உங்களுக்கு வரச் சொல்லுங்கள். மாநிலத் தொழிலாளர் நஷ்டஈட்டுப் பிரிவின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டும் பார்க்கலாம். உங்கள் வீட்டு இன்சூரன்ஸில் லயபிலிட்டி, அதாவது அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கும் தொகை, எவ்வளவு என்று பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் யாரையும் கூரை மேல் ஏற்றாதீர்கள். மின்கம்பி மரத்தோடு சிக்கியிருந்தால் நீங்களும் கிட்டே போகாதீர்கள்.

டாம்பா சுபா:

எல்லோருக்கும் நன்றி. சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரியே ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்துவிட்டோம். புகார் செப்டம்பர் தேதியோடு இருக்கிறது, எங்கள் போட்டோவும் அப்படியே இருக்கிறது. கீழ்வீட்டு ஸ்பானிஷ் அம்மாவின் மகன் அன்றைக்கு டார்ச் அடித்து வீடியோ எடுத்திருக்கிறான். கழன்ற கைப்பிடி தரையில் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது.

இன்னும் சில கேள்விகள். நேற்று நிர்வாகத்தின் இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒரு அம்மா போன் செய்தார். ரொம்பத் தன்மையாகப் பேசினார், அப்பாவிடம் ரெக்கார்டு செய்து ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார். பேசலாமா? என் கணவர் எச்1பி, வழக்குப் போட்டால் கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா என்று பயப்படுகிறார். அப்பாவின் ஐ94, அதாவது இங்கே தங்க அனுமதித்த காலம், ஜனவரியில் முடிகிறது, அவர் ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் அத்தோடு நின்றுவிடுமா? வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணமும் இல்லை.

பழைய அட்ஜஸ்டர், ஜாக்சன்வில்:

அந்த வீடியோவை இரண்டு மூன்று இடத்தில் சேமியுங்கள். பையனின் போன் நம்பரையும் எழுதி வாங்குங்கள், அவன் நாளைக்கு வீடு மாறிப் போகலாம்.

அந்த இன்சூரன்ஸ் அம்மாவிடம் அப்பா பேச வேண்டாம். நீங்களும் வேண்டாம். அவர்களுக்கு ரெக்கார்டு செய்ய விட வேண்டும் என்று உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. தன்மையாகத்தான் பேசுவார்கள், அதுதான் வேலை, நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். "அப்பா இப்போ எப்படி இருக்கிறார்?" என்ற கேள்விக்கு நம் ஆட்கள் மரியாதைக்கு "நல்லா இருக்கார்" என்று சொல்வோம். அது அப்படியே கோப்பில் ஏறிவிடும். கிளெய்ம் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, வக்கீல் பேசுவார் என்று சொல்லி வைத்துவிடுங்கள். "இந்தச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சின்னதாக ஒரு செக் வந்தாலும் மாற்றாதீர்கள். அதோடு வரும் காகிதத்தில் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்ததாக இருக்கும்.

வக்கீல் கட்டணத்துக்கு முன்பணம் வேண்டாம். காய வழக்குகளில் ஜெயித்தால்தான் கட்டணம். ஃப்ளோரிடா வக்கீல் சங்க விதிப்படி, எதிர்த்தரப்பு கோர்ட்டில் பதில் தாக்கல் செய்யும் முன்பே முடிந்தால் கிடைக்கும் தொகையில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு, அதற்குப் பிறகு 40 சதவீதம்; இந்த விகிதம் கிடைக்கும் முதல் பத்து லட்சம் டாலர் வரைக்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தோற்றால் கோர்ட் செலவும் நிபுணர் செலவும் யார் தலையில்? இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. டிவியில் விளம்பரம் வருகிறவரைத்தான் பிடிக்க வேண்டும் என்று இல்லை. படி, தரை வழக்குகளைக் கோர்ட் வரை கொண்டுபோன அனுபவம் உள்ளவரைப் பாருங்கள். கிடைக்கிற தொகையில் விசிட்டர் இன்சூரன்ஸும் ஆஸ்பத்திரியும் தங்கள் பங்கைக் கேட்கும், அதைக் குறைத்துப் பேசுவதும் அவர் வேலைதான் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

விசாவைப் பற்றிப் பயம் வேண்டாம். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவது குற்றம் அல்ல, அதற்குக் குடியுரிமையும் தேவையில்லை. வழக்கு அப்பாவுடையது, உங்கள் கணவருடையது அல்ல. ஆனாலும் அவர் மனம் ஆற வேண்டுமென்றால் கம்பெனியின் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

அப்பா ஜனவரியில் பயணம் செய்யும் நிலையில் இல்லையென்றால், ஐ94 முடியும் முன்பே ஐ539 என்ற விண்ணப்பம் போட்டுத் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள், டாக்டர் கடிதத்தோடு. போகிற நிலையில் இருந்தால் தாராளமாகப் போகட்டும், வழக்கு நிற்காது. சாட்சியம் வீடியோவில் எடுக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அப்பாவுக்கு ஓரளவு இங்கிலீஷ் தெரிந்தாலும் தமிழிலேயே பேசட்டும். கும்பகோணத்தில் பிசியோதெரபிக்குப் போனாலும் ரசீதும் டாக்டர் குறிப்பும் விடாமல் வாங்கி வையுங்கள், நடுவில் இரண்டு மாதம் இடைவெளி இருந்தால் "குணமாகிவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள். எக்ஸ்ரே, ஆபரேஷன் ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலும் அவர் கிளம்பும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கெடு 2026 அக்டோபர். தூரம் என்று தோன்றும், ஆனால் நல்ல வக்கீல் கடைசி மாதத்தில் வருகிற கோப்பை எடுக்க மாட்டார். இந்த மாதத்திலேயே இரண்டு பேரையாவது பார்த்துப் பேசுங்கள், முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பேசிவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள் அம்மா, ஒப்பந்தத்தில் ஏதாவது புரியாமல் இருந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

டாம்பா சுபா:

சரி சார். திங்கட்கிழமைக்கு ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம், இன்னொருவர் புதன்கிழமை. இன்சூரன்ஸ் அம்மா மறுபடி கூப்பிட்டார், கிளெய்ம் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன். அப்பாவிடம் உங்கள் பதிலை முழுக்கப் படித்துக் காட்டினேன். "கைப்பிடி உடைஞ்சது அவங்க தப்புதான்" என்று முதல் முறையாகச் சொன்னார்.